பதினோரு பேர் இருக்காங்க, மைதானம் எங்கே?

நாலு வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கேள்வி வந்துடும். இந்த வருஷம் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டலூர் சாலை டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து அடுக்ககத்துத் தம்பி ஒருத்தர் வந்தார். லிவர்பூல் ஜெர்சி, ராத்திரி முழுக்க மேட்ச் பார்த்த கண்ணு. நானும் பந்துப் பைத்தியம் என்று தெரியும், அதனால் நேரா ஆரம்பித்தார்.

"ஏன்ணா, 140 கோடி பேர் இருக்கோம். உலகக் கோப்பைக்கு அனுப்ப 11 பேர் கிடைக்கலையா? குராசோன்னு ஒரு தீவு, மொத்தமே ஒன்றரை லட்சம் பேரு. அவன் போறான்!"

டீ ஆறிடும்னு அப்போ பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் மனசு ஆறலை. வயலுக்கு வந்தும் அதே யோசனைதான். அதனால் இங்கே எழுதுறேன். அந்தத் தம்பி படிப்பார் என்று தெரியும். உங்களில் பாதிப் பேர் அவர் மாதிரிதான், கோபப்படாமல் கேளுங்க.

முதல்ல குராசோ கணக்கு. தீவு சின்னதுதான், சரி. ஆனால் அந்த அணியில் ஆடுறவங்களில் பெரும்பாலானவங்க நெதர்லாந்தில் பிறந்து, அங்கே இருக்கிற கிளப்புகளில் பழகினவங்க. நெதர்லாந்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கிளப் இருக்கும், அந்தக் கிளப்புக்கு ஒரு மைதானம் இருக்கும். அப்போ உலகக் கோப்பைக்குப் போறது ஒன்றரை லட்சம் தலை இல்லை தம்பி, அந்த மைதானங்கள். தலையை எண்ணித்தான் ஆகணும்னா நாமதான் எல்லா வருஷமும் சாம்பியன்.

இப்போ கேளம்பாக்கத்துக்கு வாங்க. எங்களுக்கு மைதானம் என்று தனியா ஒன்றும் கிடையாது. சம்பா அறுப்பு முடிஞ்ச கழனிதான் மைதானம். தை கடைசியில அறுத்தா, சொர்ணவாரிக்கு ஏர் பூட்டுற வரைக்கும் நிலம் சும்மா கிடக்கும். ஏரியில் தண்ணி நிறைய நின்ற வருஷம் நவரை வைப்பாங்க. அந்த வருஷம் மட்டும் எங்களுக்குத் துக்கம். மத்த வருஷமெல்லாம் நாலு மணிக்கு வெயில் சாயும்போது, வரப்பை வெட்டிச் சமன் பண்ணி, ரெண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டு ஆடுவோம். நெல்லுத் தாள் உள்ளங்காலைக் குத்தும். வெறுங்காலில் பந்தைத் தரையில உருட்டினா தாளில் பட்டு எங்கேயோ போகும். அதனால எங்க ஊரு ஆட்டமே தூக்கி அடிக்கிற ஆட்டம். கோவளத்துப் பசங்க மணலில் பழகினவங்க, குதிகால் வலு அதிகம். வந்தா எங்களைக் கண் கலங்க வச்சுட்டுப் போவாங்க. தையூர்ப் பக்கத்து ஆட்கள் வந்தா சண்டையில்தான் முடியும். அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

நிலத்துக்காரர் யாரையும் கேட்க மாட்டோம். அறுத்த கழனி ஊருக்குப் பொது மாதிரி. மாடு மேயும், வாத்து மேயும், நாங்களும் மேய்வோம்.

அந்தக் கழனி இப்போ இல்லை. சிறுசேரியில் சிப்காட் வந்தது, பழைய மகாபலிபுரம் சாலை ஆறு வழியாச்சு, சென்ட்டு கணக்கில் விலை பேச ஆட்கள் வந்தாங்க. யாரையும் குத்தம் சொல்லிட்டுத் தப்பிக்க எனக்கு உரிமை இல்லை. நாங்க ஆடின நிலத்தில் பாதி எங்க சித்தப்பா பங்கு. அவர் வித்தபோது கூட்டுப் பத்திரத்தில் என் கையெழுத்தும் விழுந்தது. தங்கச்சி கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது. சவுக்குக் கழி நட்ட இடத்தில் இப்போ ஒரு அடுக்ககத்தோட கார் நிறுத்துமிடம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெனால்டி எங்கேயிருந்து அடிப்போம் என்று கண்ணு தானாத் தேடும்.

சரி, கழனி போச்சு. அதுக்குப் பதிலா என்ன வந்தது? டர்ஃப். பச்சைப் பிளாஸ்டிக் புல், சுத்தி வலை, மேலே வெள்ளை விளக்கு. மணிக்கு ஆயிரம், ஆயிரத்து இருநூறு. சனி ஞாயிறு ராத்திரின்னா இன்னும் மேலே. ஆபீஸ் விட்டு வர்ற பத்துப் பேர் சேர்ந்தா தலைக்கு நூறு, நூத்தம்பது, பெரிய விஷயம் இல்லை. எங்க தெருப் பையனுக்கு அது அவங்க அம்மாவோட அரை நாள் கூலி. வலையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே நிப்பாங்க. பந்து வெளியே விழுந்தா எடுத்துக் கொடுக்கிற சாக்கில் ஒரு உதை.

இங்கே ஒரு விஷயம் ஒத்துக்கிறேன். நான் பிளாஸ்டிக் புல்லுக்கு எதிரி இல்லை. ஐஸ்லாந்தைப் பாருங்க. மூன்றரை லட்சம் ஜனம், வருஷத்தில் பாதி நாள் பனி. 2018 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவை 1-1 என்று நிறுத்தினாங்க. மெஸ்ஸி அடிச்ச பெனால்டியைத் தடுத்த கோல்கீப்பர் சினிமா இயக்குநர், பயிற்சியாளர் பல் டாக்டர். அதைச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டீங்களே, அதுக்கு முன்னாடி பதினஞ்சு, இருபது வருஷம் அங்கே என்ன நடந்தது என்று யாரும் பேசலை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே செயற்கைப் புல் போட்ட சின்ன மைதானங்கள் நூத்துக்கும் மேல கட்டினாங்க. பனியில் ஆட முழு மைதானத்தையே கூரைக்குள்ளே வச்சுக் கட்டினாங்க. அதில் பெரும்பாலும் உள்ளாட்சிப் பணம் போச்சு. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டதும் நேராப் போய் ஆடலாம். அங்கேயும் அதே பிளாஸ்டிக் புல்லுதான். ஆனா கேட் திறந்திருக்கு.

நம்ம பக்கம் அரசாங்கம் எதுவுமே பண்ணலைன்னு சொல்ல மாட்டேன். 2024 பிப்ரவரியில் மதுரையில் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் ஆரம்பிச்சு, 12,525 ஊராட்சிக்கும் பந்து, மட்டை, வலை எல்லாம் என்று அறிவிச்சாங்க. நல்ல காரியம். ஆனா பந்து கொடுத்தாச்சு, உதைக்கிறது எங்கே? தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்கிறாங்க, அதுவும் வரட்டும். பத்து வயசுப் பிள்ளை சாயங்காலம் நடந்து போய் ஆடிட்டு இருட்டறதுக்குள்ள வீடு திரும்பணும். தொகுதிக்கு ஒண்ணு அதுக்கு எட்டாது.

இப்போ நீங்க கேட்கலாம், நிலத்தோட விலை இந்த அளவுக்குப் போனபிறகு மைதானத்துக்கு இடம் எங்கேயிருந்து வரும் என்று. இடம் இருக்கு தம்பி. உங்க காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கு.

ஓ.எஸ்.ஆர். நிலம் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. வீடு வாங்கும்போது வரைபடத்தில் பச்சை கலரில் காட்டியிருப்பாங்க. தமிழ்நாட்டின் கட்டட விதிகளின்படி, பெரிய மனையில் கட்டினா சாலைக்குப் போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியா விடணும். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேலே, அதாவது கிட்டத்தட்ட ரெண்டரை ஏக்கருக்கு மேலே போனா, அந்தப் பத்து சதவீதத்தை உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாகணும். அது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு. உங்க அசோசியேஷன் பயன்பாட்டுக்கு இல்லை.

ஒரு முழு அளவு கால்பந்து மைதானம் 105 மீட்டருக்கு 68 மீட்டர். ஏக்கர் கணக்கில் ஒன்றே முக்கால் வரும். இருபது ஏக்கரில் ஒரு அடுக்ககம் வந்தா, கொடுக்க வேண்டிய இடம் ரெண்டு ஏக்கருக்குப் பக்கம். ஒரு மைதானம்! இந்தச் சாலையில் கேளம்பாக்கத்திலிருந்து ரெண்டு பக்கமும் எத்தனை பெரிய கட்டடம் என்று நீங்களே எண்ணிக்கோங்க.

எங்க ஊருக்குப் பக்கத்தில் ஒரு அடுக்ககம். பேர் வேண்டாம். அந்தத் திறந்தவெளி இடத்தைச் சுத்தி வேலி, வேலிக்குள்ள புல், புல்லில் ஒரு பலகை: குடியிருப்போருக்கு மட்டும். போன வருஷம் எங்க பசங்க ஏழெட்டுப் பேர் உள்ளே போய் ஆடினாங்க. வாட்ச்மேன் விரட்டிட்டார். அந்த வாட்ச்மேன் யார் தெரியுமா? எங்க பழைய கோல்கீப்பர். ராத்திரி வீட்டுக்கு வந்து, "இன்னா பண்ணச் சொல்ற? கேமரா இருக்கு, வேல போயிடும்"னு சொல்லிட்டு உட்கார்ந்தார். நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?

பெண் பிள்ளைங்க கதை இன்னும் மோசம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சாம்பியன்ஷிப்பை 2018-லும் 2023-லும் ஜெயிச்சது. முதல் தடவை மணிப்பூரையே தோற்கடிச்சாங்க. மதுரை சேது எஃப்.சி. 2019-ல் இந்தியப் பெண்கள் லீக் சாம்பியன். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடினவர். மான்செஸ்டர் சிட்டியோட மாற்று ஆட்டக்காரர் பேரெல்லாம் மனப்பாடமாச் சொல்ற உங்களுக்கு இவங்களில் யாரைத் தெரியும்? எங்க தெருவில் ஒரு பொண்ணு, ஏழாவது படிக்குது. இடது காலு சும்மா வெண்ணெய் மாதிரி. அறுத்த கழனி இருந்தவரை ஆட வந்தது, ஏன்னா அது எல்லார் கண்ணுக்கும் முன்னாடி, வீட்டு வாசலிலிருந்து அவங்க ஆயா பார்க்கலாம். ராத்திரி ஒன்பது மணி டர்ஃபுக்கு யார் அனுப்புவாங்க?

"அதான் ஐ.எஸ்.எல். இருக்கே, சென்னையின் இருக்கே" என்பீங்க. நானும் சென்னையின் ஆள்தான். 2018 அரையிறுதியில் வியாசர்பாடி தன்பால் கணேஷ் கோவாவுக்கு எதிரா கோல் போட்டப்ப இங்கே பம்ப்செட் கொட்டகையிலிருந்து கத்தின சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுதாம். ஆனா அந்த லீக்கோட நிலைமை என்ன? 2025 ஜூலையில் நிறுத்தி வச்சாங்க. வணிக உரிமைக்கு டெண்டர் விட்டா ஒருத்தரும் வரலை. கடைசியில் இந்தப் பிப்ரவரி 14-ல் பாதியாச் சுருக்கி ஆரம்பிச்சாங்க. விதை நெல்லே இல்லாம மேலே தூத்தின பயிரு, வேற எப்படி இருக்கும்?

2015 டிசம்பர் ஞாபகம் இருக்கா? சென்னையின் அரையிறுதிக்குப் போயாச்சு, கொல்கத்தாவோட சொந்த மண்ணில் முதல் ஆட்டம். ஊரே வெள்ளத்தில் கிடந்ததால் அந்த ஆட்டத்தைப் புனேவுக்கு மாத்தினாங்க. 3-0 ஜெயிச்சோம், அப்புறம் கோப்பையும் வந்தது. நான் அதை டிவியில் பார்த்தேன், வீட்டு வாசலில் முழங்கால் தண்ணி. தண்ணி தங்கி வடியற கழனியையும் கால்வாயையும் தூர்த்தோம், அது வீட்டுக்குள்ள வந்தது. அதே கழனிதான் பசங்க ஆடின இடமும்.

உலகத்திலேயும் இதே கதைதான். ஃபிஃபா கேட்டுக்கு ஃபிஃபா வாட்ச்மேன். 2022-ல் உக்ரைனுக்குள் படை நுழைஞ்ச நாலாவது நாளே ரஷ்யாவை வெளியே தள்ளினாங்க, சரி. காசாவில் மைதானங்களும் ஆட்டக்காரர்களும் போனபோது அந்த விசில் எங்கே போச்சு? போன டிசம்பரில் டிரம்புக்கு ஒரு சமாதான விருதும் கொடுத்தாச்சு. உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு மலிவான டிக்கெட் 4,185 டாலர் என்று அறிவிச்சாங்க. ரசிகர்கள் கொதிச்சபிறகுதான் கொஞ்சம் பேருக்கு 60 டாலர் டிக்கெட் வந்தது. 4,185 டாலர்னா மூணே முக்கால் லட்சம் ரூபாய். நெல்லு குவிண்டாலுக்கு 2,500 என்று கொள்முதல் நிலையத்தில் போடுறாங்க. நூத்தம்பது குவிண்டால். நல்ல வருஷத்தில் ஆறேழு ஏக்கர் விளைச்சலை மொத்தமாக் கொட்டினா ஒரு சீட்டு. அதைக் கேட்டு நீங்களும் ஃபேஸ்புக்கில் கொதிச்சீங்க, பார்த்தேன். உங்க காம்பவுண்டு பலகையை மட்டும் பார்க்கலை.

நான் உங்ககிட்ட சந்தா கேட்கலை, ஜெர்சி கேட்கலை. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நம்ம ஓ.எஸ்.ஆர். நிலத்துக்கு தானப் பத்திரம் ஆச்சா, ஆகியிருந்தா அந்தக் கேட்டுக்கு ஏன் பூட்டு? பாதுகாப்பு, சத்தம், குப்பை என்பாங்க. நாலு மணியிலிருந்து ஆறரை வரைக்கும் போதும் என்று சொல்லுங்க. குப்பை போடாமல் பார்த்துக்க நானே வந்து உட்காருறேன். உங்க பிள்ளைங்களும் ஆடட்டும். எங்க பசங்களோட ஆடினா காலில் கொஞ்சம் அடிபடும், அவ்வளவுதான்.

கூட்டம் முடிவாகிற வரைக்கும் என் பங்கு கழனி ஒன்றரை ஏக்கர் இருக்கு. ஏரியில் தண்ணி போதாது, நவரை வைக்கலை. சித்திரையில் ஏர் ஓட்டுற வரைக்கும் சும்மாதான் கிடக்கும். கழி நட்டாச்சு. டீக்கடைத் தம்பி, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாங்க. தாள் குத்தும், ஷூ போட்டுட்டு வாங்க. அந்த ஏழாவது படிக்கிற பொண்ணு உங்களுக்கு எதிர் அணி.