கேட்காமல் வந்த டிகிரி, பூட்டப்பட்ட கணக்கு: எங்கள் நிலைப்பாடு

காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எங்களிடம் வருகிறவர்களில் பலருக்கு, தங்கள்மீது கடன் வழக்கு நடந்ததே ஏடிஎம் வாசலில்தான் தெரியவருகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை. அதற்காக அரசு கணக்கில் போடும் 8,000 ரூபாயை எடுக்கப் போனால் பணம் வருவதில்லை. வங்கியில் கேட்டால் ‘கோர்ட் ஆர்டர்’ என்கிறார்கள். எந்த கோர்ட், எந்த வழக்கு என்று எழுதித் தருவதில்லை.

அவசரத்துக்குக் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த புரோநோட்டில் தொகையைப் பிறகு நிரப்புகிறார்கள். சம்மன் பழைய விலாசத்துக்குப் போகிறது. கடலோரக் குடிசையை இழந்து எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்புக்கு வந்துவிட்டவருக்கு, இன்று இல்லாத அந்தக் குடிசைக் கதவில் ஒட்டியதாகப் பதிவாகிறது. ஆள் வரவில்லை என்று ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை (எக்ஸ்பார்ட்டி டிகிரி), பின்னால் நிறைவேற்று மனு, கடைசியில் கணக்கு முடக்கம். வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும். ஆனால் ஒருவரின் பதிலைக் கேட்காமலே அவர் வீட்டு அடுப்பை அணைப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 21, விதி 46ஏ-படி வங்கியிடம் கேட்கக்கூடியது டிகிரியையும் நிறைவேற்றச் செலவையும் தீர்க்கத் தேவையான தொகைதான். அதற்கு மேல் உள்ள பணத்தையும் பூட்டுவதற்கு நியாயமில்லை. உடலுழைப்புத் தொழிலாளர், வீட்டுவேலை செய்வோரின் கூலியை அதே சட்டத்தின் பிரிவு 60 ஜப்தியிலிருந்து காக்கிறது. கணக்கில் விழுந்ததும் அது கூலி இல்லை என்று ஆகிவிடுமா? ஓய்வூதியமும் பணிக்கொடையும் வைப்புத்தொகையாக மாறிய பிறகும் பாதுகாப்பை இழப்பதில்லை என்று ராதே ஷ்யாம் குப்தா வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அதே நியாயம் சுமை தூக்குகிறவருக்கும் பொருந்த வேண்டும். தடைக்கால நிவாரணத்தையும் மகளிர் உரிமைத் தொகையையும் பிரிவு 60-இல் பெயர் சொல்லிச் சேர்க்க மாநில அரசு திருத்தம் கொண்டுவர வேண்டும்.

இன்னொரு கொடுமை, டிகிரியை ரத்துசெய்யக் கேட்கும்போது நேர்கிறது. ஒரு பகுதியை டெபாசிட் கட்டினால் மனுவை ஏற்கிறோம் என்று நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். கட்டுவதற்கான பணமோ முடங்கிய கணக்கில் கிடக்கிறது! முடக்கிய தொகையையே டெபாசிட்டாகக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

பாதிக்கப்பட்டவர்கள் நாளைக் கடத்தக் கூடாது. கட்டளை 9, விதி 13-இன்படி டிகிரியை ரத்துசெய்ய மனுப் போட 30 நாள் கெடு. சம்மன் முறையாகச் சேராதபோது, டிகிரி பற்றித் தெரியவந்த நாளிலிருந்து அது ஓடும். ஆகவே அன்றைக்கே வங்கியில் எழுத்து மூலம் விவரம் கேட்டு ரசீது வாங்குங்கள். ரத்து மனுவோடு நிறைவேற்றத்துக்குத் தடை கேட்கும் மனுவையும் போடுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். போகும்போது பாஸ்புக், வங்கி தந்த கடிதம், வழக்குக் காலத்தில் எங்கே குடியிருந்தீர்கள் என்று காட்டும் ரேஷன் கார்டு அல்லது மின்கட்டண ரசீது, இவற்றைக் கையோடு கொண்டுபோங்கள்.