குடியை விட்டவருக்குக் கைமுதல் எது?

ஊருக்குள் மதுபானசாலை வேண்டாம் என்று மகஜர் தயாரித்தால், கையொப்பமிட எமது மக்கள் தயங்குவதில்லை. ஆசிரியரும் வைத்தியரும் கமக்காரரும் முன்வருகின்றனர். அது பாராட்டுக்குரியதே. ஆனால், அதே ஊரில் மூன்று மாதங்களாக மதுவைத் தொடாதிருக்கும் ஒருவருக்கு வேலை கொடுங்கள் என்று கேட்டால், கையொப்பமிட்ட அதே கைகள் பின்வாங்குவது ஏன்?

தாபரிப்பு வழக்கொன்றில் எம்மிடம் வந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் கூறியதை நாம் மறக்கவில்லை. “பகல் முழுதும் குடியாமல் இருந்து விடுவேன், ஐயா. பொழுதுபட்டால் போவதற்கு ஓரிடமும் இல்லை. ‘வா, இரு’ என்று என்னைக் கூப்பிடுவது தவறணை ஒன்றுதான்” என்றார் அவர். எமது சமூகத்தின் மீது இதனிலும் கடுமையான குற்றப்பத்திரம் வேறென்ன வேண்டும்?

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குட்பட்டோருக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கின்றது. மதுபான விளம்பரத்தையும் தடை செய்கின்றது. அச்சட்டம் முழுமையாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும் என்பதில் எமக்கு இரண்டாவது கருத்தில்லை. எனினும், சட்டம் பயின்ற நாமே சொல்கிறோம்: சட்டம் தவறணையின் வாசலில் காவல் நிற்கலாம், அங்கிருந்து வெளியேறியவருக்கு வாழ்வளிக்க அதனால் இயலாது.

முதலின்றிப் பயிர் செய்ய முடியாது என்பதைக் கமக்காரர் அறிவர். குடியிலிருந்து மீள்வதற்கும் ஒரு முதல் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர்களான கிரான்ஃபீல்டும் கிளவுட்டும் 1999 இல் வெளியிட்ட நூலில் இதனை ‘மீட்சி முதல்’ என்னும் பொருள்பட அழைத்தனர். சிகிச்சை நிலையங்களுக்குச் செல்லாமலே மதுவையும் பிற போதைப் பொருட்களையும் விட்டவர்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுட் பலர் கல்வியும் தொழிலும் குடும்பமும் நல்ல நட்பும் உடைய நடுத்தர வகுப்பினர். விழுந்த போது தாங்குவதற்கு அவர்களிடம் ஏற்கெனவே ஏதோ ஒன்று இருந்தது.

இதன் பொருளை எமது குடாநாட்டில் வைத்துப் பாருங்கள். உத்தியோகத்தர் குடித்தால் அது ‘மனக்கவலை’. கூலியாள் குடித்தால் அது ‘குலப்புத்தி’! முன்னவருக்கு விடுமுறையும் வைத்தியரும் கிடைக்கின்றன. பின்னவருக்கு வசைதான் கிடைக்கின்றது. பின்னர், முன்னவர் மீண்டதைக் காட்டிப் பின்னவரை மனவுறுதியற்றவர் என்கிறோம். இது நியாயமன்று. குறைவு மனவுறுதியில் அன்று, கைமுதலில்.

முதற்படி வைத்தியம். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கமும் வலிப்பும் புத்தி மாறாட்டமும் தோன்றலாம், உயிராபத்தும் நேரலாம். ஆகவே, அவரை அறையில் பூட்டி வைப்பது அறியாமை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையும் தெல்லிப்பளை வைத்தியசாலையின் உளநலப் பிரிவும் இருக்கின்றன. அங்கே செல்வது மானக்கேடன்று.

ஆனால், வைத்தியசாலையில் தங்குவது சில நாட்கள். ஊரில் வாழ்வதோ ஆயுள் முழுவதும். சென்னையில் 1980 இல் சாந்தி ரங்கநாதன் தோற்றுவித்த டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் இதனை உணர்ந்தது. நோயாளியை நகரத்துக்கு அழைப்பதை விடுத்து, காவிரிப் படுகையிலுள்ள மஞ்சக்குடி என்னும் சிற்றூருக்கே சென்று முகாம் நடாத்தியது. ஊரவர் ஒத்துழைத்தனர், குடும்பத்தினரும் சிகிச்சையிற் பங்குகொண்டனர். அந்த அனுபவம் 1994 இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. மஞ்சக்குடியால் இயன்றது மானிப்பாய்க்கும் மந்துவிலுக்கும் இயலாததா?

எம்மிடம் இல்லாதது என்ன? சனசமூக நிலையம் இருக்கின்றது; மாலையில் அதன் கதவு அவருக்கும் திறந்திருக்கட்டும். கூட்டுறவுச் சங்கம் இருக்கின்றது; சிறு கடனுக்கு அவரையும் தகுதியுடையவராகக் கருதட்டும். கோயிற் பரிபாலன சபை இருக்கின்றது. திருவிழாவில் அவருக்கும் ஒரு பொறுப்பு அளிக்கட்டும். தோட்ட வேலை முடிந்ததும் கூலியோடு போத்தலும் கொடுக்கும் வழக்கம் எங்கிருப்பினும் இன்றே ஒழியட்டும். கொண்டாட்ட வீட்டில், “இன்றைக்கு மட்டும்” என்று அவர் கையிற் குவளையைத் திணிப்பவர் நண்பரல்லர்.

அவர் மீண்டும் ஒருமுறை தவறக்கூடும். அதனால் என்ன? ஒரு போகம் பொய்த்ததென்று எந்தக் கமக்காரர் காணியைக் கைவிட்டார்? இந்நோயில் தவறுதல் பலருக்கும் நேர்வதே. மீண்டும் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே அறிவுடைமை. அதேவேளை, அவரது மனைவி அடியையும் வசவையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பும் உறவினரின் துணையும் உடனே கிடைத்தாக வேண்டும்.

உரிமை கேட்கும் இனம் தன் கடமையையும் அறிந்திருத்தல் வேண்டும். மதுபானசாலையை மூடும்படி அரசாங்கத்திடம் கேட்போம், உரத்தே கேட்போம். ஆனால், “வா, இரு” என்று சொல்வதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதியும் எமக்குத் தேவையில்லை. அவ்விரு சொற்களைத் தவறணை சொல்லுமுன் ஊர் சொல்லட்டும்!