தன் வழக்குக்குத் தானே நீதிபதியா?

2017 நவம்பர் 24. பனப்பாக்கம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 11-ஆம் வகுப்புப் படித்த நான்கு மாணவிகள் அன்று வீடு திரும்பவில்லை. ஒரு விவசாயக் கிணற்றிலிருந்து நால்வரும் பிணமாக மீட்கப்பட்டார்கள். சரியாகப் படிக்கவில்லை என்று ஆசிரியைகள் கண்டித்ததாகவும், பெற்றோரை அழைத்து வரச் சொன்னதாகவும் செய்திகள் வந்தன. ஊர் கொதித்தது. ஆசிரியைகள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அன்று பனப்பாக்கமும் கலவையும் வேலூர் மாவட்டம். 2019-ல் மாவட்டம் பிரிந்தபின் இரண்டும் ராணிப்பேட்டை மாவட்டம். மாவட்டத்தின் பெயர் மாறியது. ஆனால் ஒரு பிள்ளை, "சார் என்னை இப்படிச் செய்தார்" என்று சொன்னால் அந்தச் சொல் எங்கே போகிறது? அது மாறியதா? இதைத்தான் கலவை வட்டாரத்துப் பெற்றோர்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்று. "நாளைக்கு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா" என்பது உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைக்குச் சாதாரணப் பேச்சு. நம் பகுதியில் அப்படியல்ல. தாய் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். விடியுமுன் கம்பெனி வண்டி வந்து நிற்கிறது. ஒருநாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி போயிற்று. மறுநாள் சூப்பர்வைசரின் ஏச்சு வேறு. தகப்பன் தோல் ஷாப்பில் இருக்கிறான், அல்லது பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான். பள்ளிக்கூடம் விதிக்கும் இந்தத் தண்டனை பிள்ளையின் தலையில் மட்டும் விழுவதில்லை, குடும்பத்தின் அடுப்பிலும் விழுகிறது. பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். பனப்பாக்கத்து மாணவிகளின் மனத்தில் என்ன இருந்தது என்று சொல்ல நாம் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் இன்று இல்லை. ஆனால், "ஒரு சொல்லுக்கா இப்படி?" என்று கேட்ட கனவான்களுக்கு, அந்தச் சொல்லின் கனம் தெரியவில்லை என்று மட்டும் சொல்லுவோம்.

இனிப் புகாரின் கதைக்கு வருவோம். நமது சங்க அலுவலகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாய் வந்தார். பையனின் கை வீங்கியிருந்தது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அவர் பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். உட்கார வைத்தார்கள், டீ வாங்கித் தந்தார்கள், பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். "எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்று அதில் எழுதியிருந்தது. "கையெழுத்துப் போடலன்னா டி.சி. குடுத்துடுவோம்னாங்கண்ணா" என்றார் அந்தத் தாய். போட்டுவிட்டார். அன்றையக் கூலியும் போயிற்று, புகாரும் போயிற்று.

இதற்குப் பெயர் விசாரணையா? குற்றம் சாட்டப்பட்ட இடமே புகாரை வாங்குகிறது, விசாரிக்கிறது, தீர்ப்பும் சொல்லுகிறது. தோல் ஷாப்பில் மேஸ்திரி மேல் புகார் வந்தால் அதே மேஸ்திரியைக் கொண்டு விசாரிக்கச் சொன்னால் நம் தொழிலாளி ஒப்புவானா? பள்ளிக்கூடத்தில் மட்டும் ஏன் ஒப்ப வேண்டும்?

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன.

"பள்ளியின் நல்ல பெயர் கெட்டுவிடும்" என்பது முதல் பதில். மூடிவைத்துக் காப்பாற்றிய நல்ல பெயர்களின் கதி என்ன ஆயிற்று? 2021 மே மாதம் சென்னை கே.கே. நகர் பத்ம சேஷாத்ரி பால பவன் பள்ளியைப் பற்றி, முன்னாள் மாணவிகளின் குற்றச்சாட்டுகள் இணையத்தில் வெளிவந்து நாடே பார்த்தபின் ஓர் ஆசிரியர் கைதானார். அதே ஆண்டு நவம்பரில் கோவையில் 17 வயது மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் முன்பு படித்த தனியார் பள்ளியின் ஆசிரியர் கைதானார். புகார் தெரிந்தும் மறைத்தார் என்ற குற்றச்சாட்டில் பள்ளியின் முதல்வரும் கைதானார். பணக்காரப் பள்ளிகளில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றின் ஆசிரியர்கள் மூவர் ஒரே வழக்கில் கைதானார்கள்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பாலியல் குற்றம் நடந்ததென்று தெரிந்தவர் யாராயினும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. "முதலில் நாங்கள் உள்ளுக்குள் விசாரித்துப் பார்க்கிறோம்" என்று சொல்ல எந்தத் தலைமை ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

"பொய்ப் புகார் வந்தால் ஆசிரியர் கதி என்ன?" என்பது இரண்டாவது பதில். நியாயமான கேள்வி; அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். பொய்ப் புகாரிலிருந்து நேர்மையான ஆசிரியரைக் காப்பாற்றுவது எது? தலைமை ஆசிரியர் அறையில் நடக்கும் குசுகுசுப்பா? அங்கே விடுதலை கிடைத்தாலும் ஊர் நம்பாது. ஆயுள் முழுவதும் அந்தக் கறை நிற்கும். வெளியார் விசாரித்து, எழுத்தில் பதிவு செய்து, ஆசிரியரின் விளக்கத்தையும் கேட்டு, "இவர் மேல் குற்றமில்லை" என்று சொன்னால்தான் அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியும்.

"அடியாத மாடு பணியாது" என்பது மூன்றாவது பதில். இதை நம்மில் சில தகப்பன்மார்களே சொல்லுகிறார்கள். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள், சார்" என்று ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். நம் பிள்ளைகள் மாடுகள் அல்ல, தோலை உரிப்பதற்கு! 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். பனப்பாக்கத்து மாணவிகள் படித்த 11-ஆம் வகுப்பு அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. 15 வயதானால் அவமானம் வலிக்காதா? இந்த ஓட்டையை அடைக்க வேண்டியது அரசின் கடமை.

ஆசிரியர் சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தின்போது நாம் உங்கள் பக்கம் நின்றோம், நாளையும் நிற்போம். ஒரே வகுப்பில் பிள்ளைகளை நெருக்கி உட்காரவைத்து, தேர்ச்சி விகிதத்தைக் காட்டு என்று அதிகாரிகள் உங்கள் கழுத்தைப் பிடிப்பதையும் அறிவோம். மேலேயிருந்து வரும் அந்த அழுத்தம் கடைசியில் பிள்ளையின் முதுகில் இறங்குகிறது. அதிகாரிகளை எதிர்த்துப் போராடுங்கள், உடன் வருகிறோம். ஆனால் பிள்ளையை வதைத்தவனுக்குச் சங்கம் குடை பிடிக்குமானால், அந்தக் குடையின் கீழ் நேர்மையான ஆசிரியருக்கும் மதிப்பு இராது.

நாம் கோருவது இவைதான்:

1. புகாரை எழுத்தில் வாங்க வேண்டும். எழுதத் தெரியாதவர் சொன்னதை எழுதிப் படித்துக்காட்டி ரசீது தர வேண்டும்.

2. பாலியல் புகாரானால் அன்றே போலீசுக்குப் போக வேண்டும். உள்விசாரணை, சமாதானம் என்ற பேச்சே கூடாது.

3. அடித்தல், சாதி சொல்லி ஏசுதல், அவமானப்படுத்தல் பற்றிய புகாரை வேறிடத்து அதிகாரி, பெற்றோர் தரப்புப் பெண் ஒருவருடன் சேர்ந்து விசாரிக்க வேண்டும். ஆசிரியரின் தரப்பையும் கேட்டு, 30 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை அந்த ஆசிரியர் அந்த வகுப்புக்குப் போகக் கூடாது.

4. குற்றம் உறுதியானால் ஊர் மாற்றம் தண்டனையாகாது. இங்கே அடித்தவரை அங்கே அனுப்பினால், அங்கே இருப்பதும் ஓர் ஏழையின் பிள்ளைதான்.

5. "புகார் இல்லை" என்று கையெழுத்து வாங்குவதையும் டி.சி.யைக் காட்டி மிரட்டுவதையும் குற்றமாக நடத்த வேண்டும்.

6. பள்ளி அழைத்த நாளில் பெற்றோருக்குக் கூலியோடு விடுப்புத் தரும்படி கம்பெனிகளுக்கு அரசு உத்தரவிட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது சட்டம். வேலை நாளில் பகலில் கூட்டம் போட்டால் ஷூ கம்பெனித் தாய் எப்படி வருவாள்? ஞாயிற்றுக்கிழமை கூட்டுங்கள்!

2024-ல் பனப்பாக்கத்தில் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆலைகள் வரட்டும், வேலை வரட்டும். அந்த வாசலுக்கு நம் பெண்கள் படித்து முடித்து, உயிரோடு, தலை நிமிர்ந்து போய்ச் சேர வேண்டும்.

கலவை வட்டாரத்துத் தாய்மார்களே! பிள்ளை சொன்னால் முதலில் காதுகொடுத்துக் கேளுங்கள், "நீ என்ன செய்தாய்?" என்று ஆரம்பிக்காதீர்கள். 1098 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். பள்ளிக்குத் தனியாகப் போகாதீர்கள், தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். நீட்டிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுத்த புகாருக்கு ரசீது கேளுங்கள்.