சின்னப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?

2020 தொடக்கத்தில் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து ஆம்பூரில் நடந்த ஊர்வலத்தில், ஷூ கம்பெனிக்குப் போகும் என் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்தேன். “சின்னப்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?” என்று பக்கத்து வீட்டு அத்தை திட்டினாங்க. அப்போ எனக்குக் கால் வலிதான் தெரிந்தது. இப்போ பதில் தெரியும்.

என் தோழியின் தாத்தா 1984-ல் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். அவளும் அவள் அம்மாவும் பிறந்தது இங்கே முகாமில்தான். ஆனாலும் அவள் இந்தியக் குடிமகள் இல்லை! 2004-க்குப் பிறகு பிறந்தவங்களுக்கு அப்பா அம்மாவில் ஒருத்தராவது குடிமக்களா இருக்கணுமாம். 2019 திருத்தமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டும்தான் சொல்லுது. அதிலும் முஸ்லிம்கள் இல்லை. இலங்கை பெயரே இல்லை.

2021-ல் வேலூர் மேல்மொணவூர் முகாமில் முதலமைச்சர் புது வீடுகளுக்கு அடிக்கல் நாட்டினார். நல்லதுதான். ஓட்டு? பாஸ்போர்ட்?

கோஷம் போட அவள் பயப்படுறா. அவளுக்கும் சேர்த்து நான் போடுவேன். யார் யார் வர்றீங்க?