பொன்னாடைக்கு முன் ஓர் அளவுகோல்

பொன்னாடை போர்த்துவதில் நாம் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. ஆயினும் மக்கள் தொடர்புத் துறையினர் ஒருவருக்கு வாழ்நாள் சாதனை விருது என்று அறிவிக்கப்படும்போது ஐயம் எழுகிறது: எதை அளந்து தருகிறோம்? பணியாற்றிய ஆண்டுகளையா, சேர்த்துவைத்த செய்தி நறுக்குகளையா?

அளவுகோல் உண்டு. ஏதென்ஸ் நகரில் 1965இல் உருவான பன்னாட்டு நெறிமுறையை, இந்திய மக்கள் தொடர்புச் சங்கம் 1968 ஏப்ரல் 21 அன்று புதுதில்லி மாநாட்டில் ஏற்றது. வேறெந்தத் தேவைக்காகவும் உண்மையைத் தாழ்த்தலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று.

அந்நெறிக்கு உரைபோல் அமைந்த நிகழ்வு மதுரையிலேயே உண்டு. மருத்துவர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. ஊர்தோறும் முகாமிட்டு, அறுவை சிகிச்சை இலவசம் என்று அறிவித்தும் பலர் வரவில்லை. பயணச் செலவும், உணவும், துணைக்கு வருபவர் இழக்கும் கூலியும் தடையாயிருந்தன. அறிந்ததும் மருத்துவமனை உரக்கக் கூவவில்லை; வண்டியும் உணவும் தானே தந்தது.

மக்களின் சொல்லைக் கேட்டு வந்து, கசந்தாலும் தம் நிறுவனத்திடம் உரைத்து, அதைத் திருந்தச் செய்தவர் எத்துறையிலும் சிலர் இருப்பர். அவர்களைப் பற்றிய செய்தி நறுக்குகள் இரா. விருதுக் குழுவினர் அவர்களைத் தேடிச் செல்லட்டும் என்பதே நம் வேண்டுகோள்.