மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி!

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களின் பாடு மத்தளத்தின் பாடுதான். கறுப்பர் என்று ஒரு பக்கம் இடி. பெண் என்று மறுபக்கம் இடி. நியாயம் கேட்டுப் போனால், "எந்தப் பக்கத்து அடி? ஒன்றை மட்டும் சொல்" என்ற கோர்ட்டும் உண்டு!

5 பெண்கள் போட்ட வழக்கு

செயிண்ட் லூயிஸ் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை. 1970-களில் வியாபாரம் படுத்தது. ஆட்குறைப்பு வந்தது. கடைசியில் சேர்ந்தவர்கள் முதலில் வீட்டுக்கு! 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று.

"1964-ல் சட்டம் வரும்வரை எங்களைச் சேர்க்கவே இல்லை. பிறகு சீனியாரிட்டி எங்கிருந்து வரும்?" என்பது வழக்குப் போட்ட 5 பெண்களின் வாதம்.

1976-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. கம்பெனியில் முன்பே பெண்கள் வேலை பார்த்தார்களாம். எனவே பெண் என்று ஒதுக்கவில்லையாம். அந்தப் பெண்கள் வெள்ளைக்காரிகள்! கறுப்பர் என்ற புகாரா? அதற்கு வேறு வழக்கு இருக்கிறது, அதில் போய்ச் சேர். இரண்டையும் கலந்து புது உரிமை கேட்கக் கூடாது. முடிந்தது கதை.

கறுப்பினப் பெண்ணுக்கு நடப்பது தனி அநீதி என்று 1980-ல் வேறொரு அப்பீல் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. சரி, பிரசவ வார்டில் யாரிடம் அப்பீல் செய்வது?

பணம் இருந்தும்...

2023-ம் ஆண்டு அரசு கணக்கு இது. 1 லட்சம் குழந்தை பிறப்புக்கு இறந்த கறுப்பினத் தாய்மார்கள் 50 பேர். வெள்ளை இனத்தில் 15 பேர்கூட இல்லை.

"ஏழைகள், படிக்காதவர்கள், அதனால்தான்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது எடுபடாது. காலேஜ் முடித்த கறுப்பினப் பெண்கள், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத வெள்ளைப் பெண்களைவிட அதிகமாக இறந்ததை 2007 முதல் 2016 வரையிலான கணக்கு காட்டுகிறது.

டென்னிஸ் ராணி செரீனா வில்லியம்சுக்குப் பணத்துக்கு என்ன குறை? 2017-ல் ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்தது. மறுநாள் மூச்சு முட்டியது. முன்பே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து பிழைத்தவர் அவர். "ஸ்கேன் எடுங்கள், மருந்து கொடுங்கள்" என்று அவரே கேட்டார். வலி மருந்தில் குழம்பிப் பேசுகிறார் என்று நினைத்தாராம் நர்சு. முதலில் காலைத்தான் சோதித்தார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தால், நுரையீரலில் ரத்தக்கட்டிகள்! 2018-ல் செரீனாவே சொன்னது இது.

அவர் பேச்சுக்கே இந்த மதிப்பு. ஓட்டலில் பாத்திரம் கழுவும் பெண் சொன்னால் யார் கேட்பது?

தனி வரி வேண்டும்

கறுப்பர் எத்தனை, பெண்கள் எத்தனை என்று எழுதினால் போதாது. கறுப்பினப் பெண்கள் எத்தனை பேர் என்று கம்பெனியும் ஆஸ்பத்திரியும் தனி வரி எழுத வேண்டும். அப்படி ஒரு வரி இருந்ததால்தான் இந்தப் பிரசவச் சாவுகள் வெளியே தெரிந்தன. அதைவிட முக்கியம், பிள்ளை பெற்றவள் "மூச்சு முட்டுது" என்றால் அந்த நிமிடமே பார்க்க வேண்டும். இது சலுகை இல்லை. வைத்தியத்தின் முதல் பாடமே அதுதானே!