தோட்டா முதலில், துப்பாக்கி பிறகு

தூரக் குறி சுடுவதற்கு எந்த ரைபிள் உத்தமம் என்று கோயமுத்தூர்ப் பக்கத்து அன்பர்கள் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். குழலின் நீளம் என்ன, கட்டை எந்த மரம், மேலே பொருத்தும் தூரதிருஷ்டிக் கண்ணாடி எந்தத் தேசத்தது என்றெல்லாம் விசாரணை பலமாக இருக்கிறது. தோட்டாவைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விடக் காணோம். காளை இன்னதென்று தீர்மானியாமலே வண்டிக்கு வர்ணம் பூசுகிற காரியம் இது. காங்கேயத்துச் சீமைக்காரர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியிருக்கிறதே!

ரைபிளின் குழல், அதன் உட்புறத்துப் புரி, தோட்டா உட்காரும் அறை ஆகிய மூன்றும் ஒரே ஒரு தோட்டாவுக்கென்று அளந்து கடையப்பட்டவை. வேறு தோட்டா அதில் ஏறாது, ஏறினால் ஆபத்து. ஆகையால் தோட்டாவைத் தேர்ந்தெடுத்தவுடன் முக்கால் பங்கு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தாகி விட்டது.

ஆனால் நம் நாட்டில் இந்தத் தேர்வு நம் இஷ்டத்துக்கு விடப்பட்டதாக என்றுமே இருந்ததில்லை. மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினால், குன்னூரும் வெலிங்டனும் தாண்டியதும் அருவங்காடு வருகிறது. அங்கே 1903-ல் வெள்ளைக்கார சர்க்கார் கார்டைட் தொழிற்சாலையை நிறுவினார்கள். நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி ஆகியவற்றைப் பிசைந்து நூல் நூலாக இழுத்து உலர்த்தினால் கார்டைட். பட்டாளத்து .303 தோட்டாவின் வயிற்றில் இருந்த மருந்து அதுதான். அந்தத் தொழிற்சாலைக்கு வேண்டிய மின்சாரமும் நம் மலையிலிருந்தே, காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து, எடுக்கப்பட்டது.

மருந்து நம்முடையது, அருவி நம்முடையது. தோட்டா மட்டும் நம்முடையதல்ல. லிட்டன் பிரபுவின் 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியர்களுக்கு விலக்கும் கொடுத்தது. 1918-ல் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கக் கேடா ஜில்லாவில் சுற்றிய காந்தியடிகளே தம்முடைய துண்டுப் பிரசுரத்தில் இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். போதாததற்கு, பட்டாளத்துத் தோட்டா திருட்டுப் போய்க் கலகக்காரர் துப்பாக்கியில் ஏறி விடுமோ என்ற பயத்தில் .303, .450 ஆகிய அளவுகளையே பொதுமக்களுக்கு விலக்கி விட்டார்கள். சீமைத் துப்பாக்கி வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? .450 போன இடத்தில் .465-ம் .470-ம் வந்தன. .303-க்குப் பதிலாக ஆஸ்திரியா தேசத்து மான்லிக்கர் தோட்டா ஒன்று .315 என்ற பெயரில் இந்தியாவுக்குள் புகுந்தது.

சுதந்திரம் வந்து, 1959-ல் புதிய ஆயுதச் சட்டமும் வந்தது. எனினும் 1962-ஆம் வருஷத்து விதிகளும் பட்டாளத்து .303-ஐயும் 7.62 மில்லிமீட்டரையும் சாதாரண லைசென்ஸ்காரருக்கு எட்டாத வகுப்பிலேயே வைத்தன. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை ஜனங்களுக்கென்று .315 ரைபிளைச் செய்து விற்றது. நம் தோட்டங்களில் இன்றும் 'ரைபிள்' என்று யாராவது பெருமையோடு பெட்டியிலிருந்து எடுத்தால், அது அநேகமாக இந்த .315-ஆகவே இருக்கும்.

தூரக் குறிக்கு அது ஆகுமா என்றால், ஆகாது என்பதே நம் அபிப்பிராயம். அதன் குண்டு 244 கிரெயின் எடையுள்ளது, மூக்கு மழுங்கியது, வேகமும் மட்டு. நூறு இருநூறு கஜத்தில் குறை சொல்ல இடமில்லை. அதற்கு மேல் காற்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. .303-ன் ஏழாவது ரகத் தோட்டாவில் 174 கிரெயின் எடையுள்ள கூர்மூக்குக் குண்டு விநாடிக்கு 2,440 அடி வேகத்தில் புறப்பட்டது. எடையில் குறைந்தது தூரத்தில் முந்துவதற்கு மூக்கும் வேகமுமே காரணம். இன்று லைசென்ஸில் கிடைக்கக் கூடியவற்றில் .30-06 தூரத்துக்கு ஏற்றது. 1906-ல் அமெரிக்கப் பட்டாளத்துக்காகப் பிறந்த கிழவன்தான். ஆனால் கை தளரவில்லை. இஷாப்பூரில் இந்த அளவிலும் ரைபிள் செய்திருக்கிறார்கள்.

வெளிதேசங்களில் ஆயிரம் கஜப் பந்தயம் சுடுகிறவர்கள் 1952-ல் வந்த .308-ஐ விட்டு, 2007-ல் வந்த 6.5 கிரீட்மூர் போன்ற ஒல்லிக் குண்டுகளுக்கு மாறி வருகிறார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. நூறு கஜத்துக்குக் குறி வைத்த .308 குண்டு ஆயிரம் கஜம் போவதற்குள் முப்பது அடிக்கு மேல் தாழ்ந்து விடும். இந்தத் தாழ்வு பயப்படத் தக்கதல்ல. பூமியின் இழுப்பு தினமும் ஒரே மாதிரி. அளந்து கண்ணாடியைத் திருப்பினால் தீர்ந்தது. காற்று அப்படியல்ல. மணிக்குப் பத்து மைல் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று அதே குண்டை ஏறக்குறைய எட்டு அடி தள்ளும். கிரீட்மூர் குண்டை ஆறு அடி. அந்த இரண்டடிக்காகத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமும்.

கொங்கு நாட்டில் சுடுகிறவருக்கு இந்த இரண்டடி பெரிய விஷயம். பாலக்காட்டுக் கணவாய் வாய் திறந்தால் ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் காற்று என்ன பாடுபடுத்துகிறது என்பதை அங்கே வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளே சொல்லும். அம்மி பறக்கிற மாதத்தில் சின்னக் குண்டு எம்மாத்திரம்! தென்னங்கீற்று மேலே ஆடுகிற ஆட்டம் வேறு, சோளத்தட்டை கீழே சாய்கிற சாய்வு வேறு. தூரக் குறியில் குண்டு இடைவழியில் பத்தடிக்கு மேல் எழும்பிப் போவதால் இரண்டையும் பார்த்தே ஆக வேண்டும். இந்தப் படிப்பை எந்த விலை கொடுத்தும் கடையில் வாங்க முடியாது.

ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நம் யோசனை .22 தான். சிரிக்க வேண்டாம். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது இந்தச் சின்னத் தோட்டாவினால்தான். பந்தயத்துக்கான .22 குண்டு ஒலியின் வேகத்தைக் கூட எட்டாமல் மெதுவாகப் போகிறது. அதனால் நூறு கஜத்திலேயே காற்று அதைத் தள்ளி, பெரிய துப்பாக்கி அறுநூறு கஜத்தில் கற்பிப்பதை அரைக்கால் செலவில் கற்பித்து விடும். தோளும் நோகாது. ரைபிள் கிளப்பில் சேர்ந்து ஒரு வருஷம் இதைச் சுட்டவர் பிறகு .30-06 கேட்டால் நாம் மறுக்க மாட்டோம். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பின் சாதாரண லைசென்ஸ்காரர் வைத்திருக்கக் கூடியது இரண்டே துப்பாக்கி. தாத்தாவின் இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் ஏற்கெனவே ஒன்றைப் பிடித்துக் கொண்டிருக்கிற வீட்டில் மிச்சம் ஒன்றுதான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

எங்கே சுடுவது? ஆனைமலைப் புல்வெளிகளில் பாறைக்குப் பாறை தாவும் வரையாட்டை அந்தக் காலத்துத் துரைமார்கள் பள்ளத்தாக்குக்கு அப்பாலிருந்து சுட்டுப் பெருமையடித்தார்கள். நீலகிரியில் வேட்டைப் பிராணிகள் அருகிப் போய், 1879-ல் அவர்களுடைய சர்க்காரே சட்டம் போட வேண்டி வந்தது. இன்று வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 1972-ஆம் வருஷத்துச் சட்டம் அதை முழுக்கக் காக்கிறது. தோட்டத்து வெளியில் தகர டப்பாவை வைத்துச் சுடலாமே என்றும் எண்ண வேண்டாம். அந்த ஏளனத்துக்குரிய .22 குண்டு கூட ஒரு மைலுக்கு மேல் போகும். ஒரு மைலுக்குள் கொங்கு நாட்டில் களத்து வீடு இல்லாத திசை எது? மண்மேடு பின்னால் உள்ள அனுமதி பெற்ற மைதானத்தில் காகிதக் குறியைத்தான் சுட வேண்டும்.

வாங்கும்போது ஒரே தொகுதி எண்ணுள்ள தோட்டாக்களாகப் பார்த்து வாங்குங்கள். தொகுதி மாறினால் மருந்தின் வேகம் மாறும், குறியும் மாறும். வெயிலில் காய்ந்த தோட்டா நிழலில் இருந்ததை விட வேகமாகப் போகும். சித்திரை மாதத்தில் பெட்டியை நிழலில் வையுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, காற்று, வெப்பம், குண்டு விழுந்த இடம் எல்லாவற்றையும் எழுதி வருகிறவருக்கு அடுத்த வருஷம் நம்மிடம் கேட்க ஒன்றும் இராது.